தணிகாசலம் சாரின் சார்ஜ் ஏறாத மெஷின்

போன வியாழக்கிழமை விழுப்புரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது தணிகாசலம் சாரின் மனைவி போன் செய்தார். "அவரு போயிட்டாருங்க" என்று மட்டும் சொன்னார். "யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, அது என் கேள்வியே இல்லை, அவருடையது. எதைச் சொன்னாலும் முதலில் அப்படித்தான் கேட்பார். எங்கள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர். விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்து விவசாயக் குடும்பம். எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளிக்குத் தற்காலிக வரலாற்று ஆசிரியராக வந்தார். நான் அங்கே கணக்கு வாத்தியார். பஸ் ஏறினால் விழுப்புரம் வண்டிதானா என்று கண்டக்டரிடம் கேட்பார். பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடம். இருவரும் கூட்டு சேர்ந்திருக்கலாம் என்று முறுக்கு விற்பவரிடமும் கேட்பார். "கண்ணு இருக்கறவங்க பாக்காமயே பதில் சொல்லுவாங்க சார்" என்பார்.

அப்போதுதான் வெளிநாட்டு உதவியில் அவருக்கு ஓர் எலெக்ட்ரானிக் பிரெயில் மெஷின் கிடைத்தது. விசைகளைத் தட்டினால் எழுத்து உள்ளே கேசட்டில் பதியும். திரும்பப் படிக்கும்போது முன்பக்கப் பட்டையில் புள்ளிகள் எழும்பி விரலில் தட்டுப்படும். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டால் மறுநாள் பள்ளி விடும்வரை ஓட வேண்டும். தினமும் சாயங்காலம் நான் அவருடைய வாடகை அறைக்குப் போய்ப் பாடப்புத்தகத்தை வாசிப்பேன், அவர் குறிப்பு எடுப்பார். தாளாளர் ஒருநாள் வகுப்பைப் பார்க்க வருவார், பிடித்திருந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

ஆனால் மெஷின் ஒரு பீரியட் தாண்டுவதற்குள் படுத்துவிடும். தாளாளர் வந்த அன்றும் பாடத்தின் நடுவில் புள்ளிகள் அடங்கிவிட்டன. அவர் விரல் வெறும் பட்டையில் ஊர்ந்துகொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்ப்போம்" என்று தாளாளர் எழுந்துபோனார்.

தணிகாசலம் சாருக்கு ஊரில் எல்லோர்மேலும் சந்தேகம் வந்தது. வீட்டுக்கார அம்மா ராத்திரியில் மெயினை அணைக்கிறார் என்றார். ஆனால் விடியவிடிய ஃபேன் சுற்றியது. யாரோ பிளக்கைப் பிடுங்குகிறார்கள் என்றார். காலையில் தடவிப் பார்த்தால் பிளக் போட்டபடியே இருந்தது. அந்த வேலைமேல் தலைமை ஆசிரியரின் மச்சானுக்குக் கண் என்று வேறு ஒரு பேச்சு இருந்தது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் சந்தேகம் என்னிடம் வந்து நின்றது.

"நேராவே கேக்கறேன் சார். நல்ல பேட்டரியை எடுத்துக்கினு செத்த பேட்டரியைப் போட்டுட்டீங்களா?"

"யோவ், இன்னாய்யா பேசற?"

"சார்ஜர்ல லைட்டு எரியுதுன்னு தினமும் நீங்கதான சொல்றீங்க? எரிஞ்சா ஏன் ஏற மாட்டேங்குது?"

"எரியுதுய்யா! இப்பவும் எரிஞ்சிக்கினுதான் இருக்குது! நம்பிக்கை இல்லன்னா வேற ஆளை வெச்சிப் பாத்துக்க!"

எழுந்துவிட்டேன். அந்தச் சண்டையிலும் அவர் வழக்கம்போல், "போறப்ப ரூம் லைட்டை அணைச்சிட்டுப் போங்க" என்றார். கண் தெரியாதவருக்கு லைட்டு எதுக்கு என்று வீட்டுக்கார அம்மா ஒருமுறை கேட்டுவிட்டார். அதிலிருந்து அது அவருக்கு மானப் பிரச்சினை. மற்ற நாட்களில் அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவேன். அன்று அணைத்த கையோடு இன்னும் ஒரு வார்த்தை திட்டலாம் என்று திரும்பினேன். அறை கும்மிருட்டு. சார்ஜரின் சிவப்புப் புள்ளியையும் காணவில்லை.

சுவிட்சைப் போட்டேன், புள்ளி வந்தது. அணைத்தேன், போனது. வயரிங் செய்த புண்ணியவான் பல்பின் சுவிட்சிலிருந்தே பிளக்குக்கும் லைன் இழுத்திருக்கிறான். நான் உட்கார்ந்து வாசித்த நேரத்துக்கு மட்டுமே சார்ஜ் ஏறியிருக்கிறது.

சொன்னேன். நம்பவில்லை. எழுந்து வந்து சுவிட்சைத் தானே போட்டும் அணைத்தும், "இப்ப எரியுதா? சத்தியமா?" என்று கேட்டார். பிறகு தரையில் உட்கார்ந்தார். "அப்ப தினமும் அணைக்கச் சொன்ன திருடன் நான்தானா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் அப்படியே இருந்தது.

அதன் பிறகு அந்த அறையில் விடியும்வரை பல்பு எரிந்தது. "யாருக்கு சார் லைட்டு?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். "மெஷினுக்கும்மா. அதுக்கு இருட்டுன்னா பயம்" என்றார். அப்போதும் என் வாய் வார்த்தையை நம்பிவிடவில்லை. சார்ஜர்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு தெரிந்த பிறகுதான் படுப்பார். அடுத்த வாரம் தாளாளர் முன்னால் மணி அடிக்கும்வரை பாடம் நடத்தினார். வேலை நிரந்தரமானது.

அன்று வெளியே வந்ததும் குத்திக்காட்டினேன். "என்னைப் போய்ச் சந்தேகப்பட்டியேய்யா."

"எத்தினியோ பேர் மேல சந்தேகம் இருந்துச்சி சார். கேட்டது உங்க ஒருத்தர்கிட்டதான். மத்தவங்க சிரிச்சி மழுப்பிடுவாங்க. நீங்கதான் சண்டைக்கு வருவீங்க."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த வார்த்தைகளைத்தான். இத்தனை வருட வேலையில் என்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் உண்டு. முகத்துக்கு நேரே கேட்டவர் அவர் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் மாலையோடு போய் நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் என்னை நல்லவன், உயிர் நண்பன் என்றார்கள். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.