பன்னிரண்டாவது கதிரை

சீட்டில் இருந்த பெயர் ஒன்று. நான் வாசித்த பெயர் வேறு. ஜெபம் சொல்லி முடித்த வாயாலேயே, சபை முழுவதற்கும் முன்னால் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

ஹனோவரில் ஒரு ஜெர்மன் தேவாலயத்தின் பின்மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சபை கூடும். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. பெரிய வியாழனன்று ஆண்டவரின் சீடர்களுடைய இடத்தில் பன்னிரண்டு ஆண்கள் கதிரைகளில் உட்கார்ந்திருப்பார்கள். குருவானவர் முழந்தாளிட்டு அவர்களுடைய கால்களைக் கழுவுவார். அந்தப் பன்னிருவரைத் தெரிவுசெய்வது, சபையில் வேதம் வாசித்து விளக்கும் என் பொறுப்பு. அந்த வருடம் ஒருவர் லண்டனுக்குப் போய்விட்டதால் ஒரு கதிரை காலியானது.

இரண்டு பேர் விரும்பினார்கள். ஒருவர் எங்களுக்குத் தெரிந்த குடும்பத்தின் மருமகன், பொறியியலாளர். மற்றவர் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர். ஞாயிறுகளில் எல்லாருக்கும் முதல் வந்து கதிரைகளை அடுக்கி, தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். பல வருடங்களாக வந்தும் யாரும் அவரைப் பன்னிருவரில் ஒருவராக இருக்கச் சொல்லிக் கேட்டதில்லை. இந்த முறை அவரே கேட்டார்.

"அண்ணை, நானும் ஒருக்கா இருக்கலாமோ?"

சீட்டுப் போடுவோம் என்றேன். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனின் இடத்துக்கு முதல் சீடர்கள் சீட்டுப் போட்டுத்தான் இன்னொருவரை எடுத்தார்கள், சீட்டில் வருவது ஆண்டவரின் தெரிவு என்று சபைக்கு விளக்கமும் சொன்னேன். அவர் முன்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் ஒரு நண்பர் தொலைபேசியில் வந்தார்.

"பன்னிரண்டு பேருக்கும் ஒரே சட்டித் தண்ணி எல்லே, அண்ணை. அவர் ஆர் ஆக்கள் எண்டு தெரியும்தானே. யோசிச்சுச் செய்யுங்கோ."

தெரியும். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்ட முதல் நாளே அவருடைய சாதியை நான் அறிந்துவைத்திருந்தேன். அகதிகள் விடுதியில் நாங்கள் எல்லாரும் ஒரே குசினியில் சமைத்தவர்கள். அங்கே அடுப்பைப் பகிர்ந்தோம். தண்ணீர் என்றதும் நான் பின்வாங்கினேன்.

மறுநாள், குருத்து ஞாயிறன்று, சபைக்கு முன்னால் சீட்டை எடுத்து விரித்தேன். அவருடைய பெயர். பொறியியலாளரின் பெயரை வாசித்துவிட்டுச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். யாரும் அதைக் காட்டச் சொல்லவில்லை.

முன்வரிசையில் இருந்து அவர் சிரித்தார். "மேல இருக்கிறவர் வேண்டாமெண்டா வேண்டாம்தானே, அண்ணை."

வியாழனன்று கால் கழுவும் தண்ணீரைச் சூடாக்கியதும் அவர்தான். முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, சட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வந்து வைத்தார். நான் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். பன்னிருவரில் நானும் ஒருவன்.

உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு அவர் வரவில்லை. ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன். "வேலை, அண்ணை. ஏலாமல் கிடக்கு." சபையில் கொஞ்ச நாள் தேநீர் பிந்தியது. பிறகு அதுவும் சரியாகிவிட்டது.

நாலு வருடம் கழித்து, சிறுநீரகம் பழுதாகி அவர் மருத்துவமனையில் கிடப்பதாக அறிந்தேன். சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் சீட்டை விரித்து, கண்ணாடியைப் போட்டு, தன் பெயரை வாசித்தார்.

"நாலு வருசமா நான் மேல இருக்கிறவரோட கோவம்," என்றார். "ஒரு ஜெபமும் சொல்லேல்லை. நீங்கள்தான் எண்டு தெரிஞ்சிருந்தா உங்களோட கோவிச்சுக்கொண்டு அவரோட கதைச்சிருப்பன்."

உங்கள் காலை நான் கழுவலாமா என்று கேட்டேன்.

"காலமையே நேர்ஸ் கழுவிப் போட்டா, அண்ணை."

சீட்டை அவர் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவுமில்லை.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். இனிப் பன்னிருவரில் நான் இருக்கமாட்டேன், என் கதிரை அவருக்கு என்றேன். "பழசை ஏன் கிளறுறியள், அண்ணை?" என்றார் தொலைபேசியில் பேசிய அதே நண்பர். பிறகு தேநீர் வந்தது.

கதிரை விஷயத்தைச் சொல்ல மறுபடி மருத்துவமனைக்குப் போனேன். கட்டிலில் புதிய விரிப்பு விரித்திருந்தார்கள். அவருடைய மனைவி பையில் அவரது உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் பின்னேரம் அவருக்கு உயிர் போய்விட்டதாம். என்னைக் கண்டதும் சீட்டை எடுத்து நீட்டினார்.

"உங்களட்டக் குடுக்கச் சொன்னவர். அந்த வியாழனுக்கெண்டு புதுக் காலுறை வாங்கி வைச்சவர், ஐயா. அது இன்னும் அலுமாரியில கிடக்கு."

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான் இருந்தது. கடைசியில் ஜெபம் ஏதும் சொன்னாரா என்று கேட்டேன்.

"தெரியாது, ஐயா. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவர்," என்றார். சட்டைகளைத் தொடர்ந்து மடித்தார்.