துர்காதேவியின் முப்பத்தொரு ஸ்லைடுகள்

துர்காதேவிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சோறு தின்பது நின்றுகொண்டு, தலை பின்னுவது நடந்துகொண்டு. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள்: ஜக்கார்டு அட்டை குத்துவது. கட்டம் போட்ட தாளில் வரைந்திருக்கும் அன்னத்தையும் யாளியையும் கட்டம் கட்டமாகப் பார்த்து அட்டையில் ஓட்டை போட வேண்டும். எந்த இழையைத் தூக்குவது என்பதைத் தறிக்குச் சொல்வது அந்த ஓட்டைகள்தான். ஒன்று விட்டுப்போனாலும் அன்னத்துக்கு அலகு இருக்காது. பத்து வரிசைக்கு ஒரு தரம் எழுந்து வாசல்வரை போய்வருவாளே தவிர, பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு ஓட்டையைக்கூட விட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

அவள் புருஷன் சபாபதி குழித்தறியில் நெய்கிறவர். தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிக்கட்டையை மிதித்து நெய்ய வேண்டும். காஞ்சிபுரத்தில் அவர்கள் தெரு பள்ளத்தில் இருந்தது. ஐப்பசி மழை பிடித்தால் சாக்கடை நிரம்பி, தண்ணீர் நேராக வீட்டுக்குள் வந்து தறிக்குழியில் இறங்கும். சபாபதி பேசாமல் அதிலேயே காலை வைத்து நெய்வார். அவர் பேசாததுதான் துர்காதேவிக்குப் பொறுக்காது. குழிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து தெருவையே திட்டித் தீர்ப்பாள்.

இரண்டாயிரத்து மூன்று ஐப்பசியில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. இந்த வருஷம் ஒரு தெருவுக்குத்தான் புதுக் கால்வாய். இவர்கள் தெருவுக்கா, முனிரத்தினம் தலைவராக இருக்கும் பக்கத்துத் தெருவுக்கா என்பதைக் கூட்டம் போட்டு முடிவு செய்வார்களாம். தெருவுக்கு ஒருவர் பத்து நிமிஷம் பேசலாம். புதிதாக வந்திருந்த அதிகாரிக்குக் கம்ப்யூட்டரில் பிரியம் அதிகம். ஸ்லைடு போட்டுக் காட்ட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. சும்மா இருக்க முடியாதவள் என்ற ஒரே தகுதியைப் பார்த்துத் தெருக்காரர்கள் துர்காதேவியின் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள்.

பேருந்து நிலையத்துப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அந்தோணியிடம் போனாள். ஒரு வாரம் அவன் உயிரை வாங்கினாள். எந்த வருஷம் எத்தனை அங்குலம் தண்ணீர், எந்த வீட்டில் எந்தப் பாவு நூல் நனைந்தது, யார் யாருக்குக் காய்ச்சல், எல்லாம் ஏற வேண்டும். தான் பேசப்போகும் பேச்சு முழுவதும், “அனைவருக்கும் வணக்கம்” உட்பட, சுவரில் தெரிய வேண்டும்.

“அக்கா, இவ்ளோ எழுத்து போட்டா யாரு படிப்பாங்க? நீ வாயால சொல்லப் போற இல்ல?”

“உனுக்கு இன்னாபா தெரியும்? ஒரு ஓட்டை விட்டுப்போனா டிசைனே கெட்டுப்பூடும்.”

இதுதான் அவள் செய்த தப்பு. பாவம், தறிக்காரர்களுக்கே வரக்கூடிய தப்பு. தறிக்கு யோசிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் அட்டையில் குத்தித்தான் தர வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் மனுஷர்களையும் அவள் தறியாகவே நினைத்துவிட்டாள். முப்பது ஸ்லைடு ஆயிற்று. அந்தோணி பொறுக்காமல் ஒருநாள் கேமராவோடு வந்து சபாபதியின் தறிக்குழியைப் படம் எடுத்துப் போனான். கணுக்கால்வரை கலங்கல் தண்ணீர், அதற்குள் ஊறி வெளுத்துச் சுருங்கிய இரண்டு கால்கள். சரி, கடைசியில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று துர்காதேவி அதை முப்பத்தோராவதாக வைக்கச் சொன்னாள்.

கூட்டத்தில் முதலில் முனிரத்தினம். அவரும் நெசவாளிதான், அவருக்கும் அதே புத்திதான். சுவர் முழுக்க எழுத்து. அவர் அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாக, பிசகில்லாமல் வாசித்தார். துர்காதேவி மூன்றாவது வரிசையில் நெளிந்துகொண்டிருந்தாள். ஐந்தாவது ஸ்லைடில் அதிகாரிகளின் முகத்தைப் பார்த்தாள். அவர் இரண்டாவது வரியில் இருக்கும்போதே அவர்கள் கடைசி வரியை முடித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்கள். பத்தாவது ஸ்லைடில் ஒருவர் கொட்டாவி விட்டார். பன்னிரண்டில், “படிச்சாச்சுங்க, அடுத்தது போங்க” என்றார் பெரிய அதிகாரி. முனிரத்தினத்துக்கு வரி தப்பிப்போயிற்று. அதன்பிறகு அவர் குரல் எழும்பவே இல்லை.

துர்காதேவியின் முப்பது ஸ்லைடும் அப்படியேதான் இருந்தன. பெயரைக் கூப்பிட்டார்கள். படம் காட்டும் மெஷின் பக்கத்தில் இருந்த அந்தோணியிடம் விறுவிறுவென்று போனாள்.

“கடைசிக்குப் போ.”

“மத்ததெல்லாம்?”

“வேணாம்பா. போ.”

சுவரில் கால்கள் வந்தன. அவள் பேசவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, பத்து மூச்சு விடும் நேரம், வாயை மூடி அசையாமல் நின்றாள். மின்விசிறியைப் பார்த்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும், இது என்ன என்று கேட்க அவளைப் பார்த்தார்கள்.

“இது எங்க வூட்டுக்காரரு காலு சார். காலையில எட்டு மணிக்கு உள்ள வெச்சாருன்னா சாயங்காலந்தான் வெளிய எடுப்பாரு.”

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. நடந்துகொண்டே பேசினாள். நடந்ததில் வெளிச்சத்துக்குக் குறுக்கே போக, படத்திலிருந்த கால்கள் அவள் புடவையிலேயே விழுந்தன. “ஓரமா நில்லும்மா” என்றார்கள். எத்தனை தறி என்று கேட்டார்கள். நாற்பத்திரண்டு, அதில் முப்பத்தேழில் தண்ணீர் என்றாள். எந்த வருஷத்திலிருந்து, சாக்கடை எங்கே அடைக்கிறது, கேட்டதற்கெல்லாம் நாக்கு நுனியில் பதில் இருந்தது. முப்பது ஸ்லைடு எழுதினாளே, அது இதற்குத்தான் உதவியது.

மார்கழியில் முடிவு வந்தது. துர்காதேவியின் தெருவுக்குத்தான் கால்வாய்.

ஊரில் அவள் பெயர் அடிபட ஆரம்பித்தது. ஸ்லைடு போடப்போகும் சங்கத்துக்காரர்களும் டீச்சர்களும் அவளைத் தேடி வந்தார்கள். “எழுதுறதெல்லாம் எழுதிக்க, ஆனா அத்த உங்கிட்டயே வெச்சிக்க. வாயால சொல்ல முடியாதத மட்டும் சுவத்துல போடு” என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தபடியே சொல்லி அனுப்புவாள்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. துர்காதேவி குழிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். காய்ந்த மண். சபாபதி உலர்ந்த காலோடு நெய்துகொண்டிருந்தார்.

“இனிமேலாவது ஒக்காரேன்மா” என்றார்.

உட்காரத்தான் பார்த்தாள். முடியவில்லை. அந்தோணியிடம் கேமராவை வாங்கிக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் பக்கத்துத் தெருவுக்குப் போனாள். முனிரத்தினம் தறியில்தான் இருந்தார். குழியில் தண்ணீர் மிதிக்கட்டைக்கு மேலே நின்றது.

“அண்ணா, ஒரு படம் எடுத்துக்கறேன். இந்த வருசம் உங்க தெருவுக்கு நானே வந்து பேசுறேன்.”

அவர் இழை ஓட்டிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார். கோபமாகப் பேசவில்லை.

“எடுத்துக்கமா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கி நான் சொன்னதுல ஒரு பொய் இருந்துச்சா?”

“இல்லண்ணா.”

“எங்க எதிர்வூட்டுப் பொண்ணு தண்ணியில வழுக்கி வுழுந்து, வயித்துல இருந்தது போச்சு. அதையுந்தான் சொன்னேன். பின்ன ஏன் ஒருத்தரும் கேக்கல?”

துர்காதேவி விறைத்துப்போனாள். அந்தச் செய்தியை அவள் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள். மூன்றாவது வரிசையில், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். காது நன்றாகத்தான் கேட்கும்.

“நானும் கேக்கலண்ணா” என்றாள். “அவங்க மூஞ்சப் பாத்துக்கினு இருந்தேன்.”

துர்காதேவி கேமராவைக் கீழே வைத்தாள். குழி ஓரத்து ஈரத்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

“மொதல்லேர்ந்து சொல்லுண்ணா” என்றாள்.