கடல் பக்கம் வைத்த கிண்ணம்

எமிலியானா அக்காவுக்குக் கூச்சம் அதிகம். பலெர்மோ நகரின் பிரான்காச்சோ பகுதியில், எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். காலை ஏழு மணி பஸ்ஸில் என்னோடுதான் பொலிதேயாமா பக்கம் வேலைக்கு வருவார். ஒன்பது வருடமாக ஒரே வீடு, ஒரே சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய வீட்டம்மா. அந்த வீட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை. கிண்டிக் கிண்டிக் கேட்டதில்தான் இவ்வளவும் வெளியே வந்தது.

சிஞ்ஞோரா லொரெடானா ஒரு காலத்தில் மருந்துக்கடை நடத்தியவர். கணவர் இறந்த பிறகு விக்கா என்ற வழிபாட்டில் இறங்கிவிட்டார். இயற்கையைக் கும்பிடுகிற வழி அது. வரவேற்பறையின் நாலு சுவரோரமும் நாலு சின்ன மேசைகள். வடக்கில் ஒரு சட்டி மண். கிழக்கில் காற்றுக்காக ஒரு பறவை இறகு. தெற்கில் நெருப்புக்கு ஒரு சிவப்பு மெழுகுதிரி. மேற்கில் நீலக் கிண்ணத்தில் தண்ணீர். தினமும் காலையில் கிழக்கில் தொடங்கி, ஒவ்வொரு திசையாகப் போய், அதற்குரியதைத் தொட்டு, வா என்று அழைப்பார்.

கடற்கரை ஊரான பேசாலையில் பிறந்து, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய், பாடற்குழுவில் முன்வரிசையில் நிற்கிற எமிலியானா அக்காவுக்கு இது எப்படி இருந்திருக்கும்! முதல் மாதம் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டுதான் அந்த மேசைகளைத் துடைத்தாராம். பிறகு, மண்ணும் காற்றும் நெருப்பும் தண்ணீரும் ஆண்டவர் படைத்தவைதானே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் கோயில் ஆட்களுக்குத் தெரியக் கூடாது. "பேய்க்கு விளக்கு வைக்கிற வீட்டிலை வேலை செய்யிறாள் எண்டு கதைப்பினம்" என்பார். கதைப்போம்தான். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா?

இரண்டு வருடங்களுக்கு முன் சிஞ்ஞோராவுக்குக் கண் முற்றாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த நாலு மேசைகளும்தான் அவருக்கு வழிகாட்டின. இறகு கையில் பட்டால், இடக்கைப் பக்கம் சமையலறை. தண்ணீர் பட்டால், வலக்கைப் பக்கம் சமையலறை. தடி கூட இல்லாமல் வீடு முழுக்க நடந்து திரிந்தார். தூரினோவில் இருக்கிற மகள் பெடெரிக்காவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒரு தடவை விழுந்தாலும் பகேரியாவில் முதியோர் இல்லம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சிஞ்ஞோராவுக்கு அந்த வீட்டை விட்டுப் போவதை விடச் சாவது மேல்.

போன வருடம் பாஸ்கா, உயிர்ப்புத் திருநாள் காலம். பங்குக் கோயிலிலிருந்து குருமார் வீடுகளை மந்திரிக்க வருவார்கள். சிஞ்ஞோராவின் தெருவுக்கு யார் வருகிறார் என்று கேட்டால், தமிழ்ப் பூசை வைக்கிற எங்கள் சூசைதாசன் சுவாமியேதான்.  சிஞ்ஞோரா மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது அக்கா மேசைகளில் இருந்த நாலையும் தூக்கி அலுமாரிக்குள் ஒளித்தார். சுவாமி வந்தார், தீர்த்தம் தெளித்தார், போனார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அக்கா நாலையும் அவசரமாகத் திரும்ப வைத்தார். கடற்கரைப் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் கடல் இருக்கிற பக்கம்தானே? பலெர்மோவில் கடல் கிழக்கே. கிண்ணம் கிழக்குச் சுவருக்குப் போனது, இறகு மேற்கே போனது.

மறுநாள் காலை சிஞ்ஞோரா இறகைத் தேடிப் போனார். கையில் தண்ணீர் பட்டது. மேற்குக்கு வந்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, சமையலறைக்குப் போக வலக்கைப் பக்கம் திரும்பினார். அங்கே கண்ணாடி அலுமாரி. நெற்றியில் ஐந்து தையல்.

பெடெரிக்கா அன்று பின்னேரமே விமானம் ஏறி வந்துவிட்டாள். சனிக்கிழமை பகேரியா என்று முடிவாயிற்று. சிஞ்ஞோரா கட்டுப்போட்ட தலையோடு சொன்னார்: "அவள் சொல்வது சரி, எமிலியானா. இறகைத் தேடினேன், தண்ணீர் வந்தது. என் வீட்டுக்குள்ளேயே எனக்குத் திசை தப்பிவிட்டது. என் தலை குழம்பிவிட்டது."

சூப்புக் கோப்பையோடு நின்ற அக்காவுக்கு அப்போதுதான் தன் பிழை விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் வேலை போகும், வேலையோடு பெர்மெசோ விசாவும் இழுபறியாகும். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சிஞ்ஞோரா, உங்கடை தலை நல்லாத்தான் இருக்குது. நான்தான் மாத்தி வைச்சனான். சுவாமி பார்த்திடுவார் எண்டு வெக்கப்பட்டு ஒளிச்சு வைச்சிட்டு, பிழையா வைச்சிட்டன்."

பெடெரிக்கா நம்பவில்லை. "அம்மாவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாய்" என்றாள்.

அக்கா கிண்ணத்தை மேற்கிலும் இறகைக் கிழக்கிலும் வைத்தார். "எழும்பி நடவுங்கோ சிஞ்ஞோரா" என்றார். சிஞ்ஞோரா எழும்பி நடந்தார். இறகு கையில் பட்டது. பிறகு மெழுகுதிரி. பிறகு தண்ணீர். அதில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மண். அங்கிருந்து நேரே சமையலறைக்குப் போய், மகளுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் அவள் கையில் கொடுத்தார். பெடெரிக்கா அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். இதை அக்கா பஸ்ஸில் சொன்னபோது நானும் அழுதேன், மறைப்பானேன்.

பகேரியாப் பேச்சு அதோடு நின்றது. வேலையும் போகவில்லை.

இந்த வருடமும் பாஸ்கா வந்தது, சூசைதாசன் சுவாமியும் வந்தார். நாலு மேசைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. சுவாமி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இதெல்லாம் என்ன என்று கேட்டபடி நீலக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினார். பாடற்குழுவில் தனியாகப் பாடச் சொன்னால் கூசுகிற எமிலியானா அக்கா, ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"தொடாதேங்கோ சுவாமி. அதுதான் அவவின்ரை கண்."