வெட்டப் போன மரத்தில் கழுகுக் கூடு

வேரை விட்டுவிட்டு மேலாக வெட்டினால் அவளுக்குப் பொறுக்காது. அதனால்தான் வேலையாட்கள் அவளுக்கு 'வேரம்மா' என்று பெயர் வைத்தார்கள். வனத்துறையின் புல்வெளியில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை ஒழிக்கும் குழுவுக்கு அவள் மேஸ்திரி. பதினோரு வருட உழைப்பில் மிச்சமிருந்தது கடைசி ஒரு துண்டு நிலம்தான். காய் பழுத்து உதிர்வதற்குள் அதையும் வெட்டிவிட்டால் தீர்ந்தது.

புல்டோசர் வந்து நின்ற அன்று, நடுவிலிருந்த உயரமான மரத்தில் பெரிய சுள்ளிக் குவியலைப் பார்த்தாள். அதன்மேல் கழுகு ஒன்று அசையாமல் படுத்திருந்தது.

பறவைக் கணக்கெடுக்கும் பெண் தொலைநோக்கியை இறக்கினாள். "அடை காக்குதுக்கா. குஞ்சு பறக்குற வரைக்கும் சுத்தி முந்நூறு மீட்டருக்குள்ள யாரும் போகக் கூடாது."

"எத்தனை நாளு?"

"நாலு மாசம். அஞ்சுகூட ஆகலாம்."

"ரெண்டே மாசத்துல காயெல்லாம் கொட்டிடுமே! இத்தனை மரம் இருக்கு, நான் வெட்டப் போற மரந்தான் அதுக்குக் கெடச்சுதா?"

ரேஞ்சரிடம் முறையிட்டாள். கையாலாவது காய் பறிக்கிறோம் என்றாள்.

"ஆள் நடமாட்டம் இருந்தா கூட்டை விட்டுட்டுப் போயிடும்மா. கொஞ்சம் பொறுங்க."

"பதினோரு வருஷமா அதைத்தான் சார் செஞ்சிட்டிருக்கேன்."

புல்டோசர் வேறு காட்டுக்குப் போனது. மரங்களைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். கட்டியதும் அவள்தான்.

காய்கள் மஞ்சளாகி உதிர்ந்தன. அவற்றைத் தின்ன ஆடுகள் நுழைந்தன. தின்ற விதையை, சுத்தம் செய்த நிலமெங்கும் புழுக்கையோடு போட்டுவிட்டுப் போயின. துரத்தித் துரத்தி அவளுக்குத் தொண்டை கட்டியது. வீட்டில் எரிந்து விழுந்தாள்.

"ஒரு பறவைகிட்டப் போயி மல்லுக்கட்டுறியே" என்றார் தையற்காரக் கணவர்.

"பறவை மேல எனக்கென்னங்க கோபம்? முள்ளு குத்தினது என் கையில. அதான் வயிறு எரியுது."

குஞ்சு பொரித்து மூன்று வாரம் இருக்கும். நாடாவுக்குள் கோடாலிச் சத்தம் கேட்டது. விறகு வெட்டி விற்பவன் ஒருவன் கூட்டு மரத்துக்குப் பக்கத்து மரத்தில் கை வைத்திருந்தான். கழுகு மேலே வட்டமிட்டுக் கத்தியது.

அவள் ஓடினாள். "டேய், வெளிய வா!"

"நான் வெட்டினா உங்களுக்குத்தானேம்மா வேலை மிச்சம்?"

அவன் சொன்னதில் பொய்யில்லை. ஆனாலும் வேரம்மா கோடாலியைப் பிடுங்கிக்கொண்டு அவனை நாடாவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். கழுகு திரும்பி வந்து உட்கார ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அவளும் வெயிலில் நின்றாள், விறகுக்காரனையும் கழுகையும் தன்னையும் சேர்த்துத் திட்டியபடி.

ஐந்தாம் மாதம் குஞ்சு பறந்தது. புல்டோசர் வந்து மற்ற மரங்களைச் சாய்த்தது. கூட்டு மரத்தை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார் ரேஞ்சர். அடுத்த வருடமும் அதே கூட்டுக்கு வருமாம்.

"விட்டா மறுபடியும் காய்க்குமே சார். சுத்திப் பட்டையை உரிச்சி மருந்து தடவிடுறேன். மரம் நிக்கும், காய்க்காது."

அவர் யோசித்துத் தலையசைத்தார். அவளே உரித்தாள்.

அடுத்த பருவத்தில் கழுகுகள் வந்தன. பட்ட மரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேலிக்கு அப்பால் தனியார் நிலத்துக் கருவேலத்தில் புதுக்கூடு கட்டின. முந்நூறு மீட்டர் அளந்தபோது, முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள் முளைத்திருந்த அவளுடைய நிலத்தில் பாதி உள்ளே போயிற்று.

"அக்கா, நாடா..." என்று இழுத்தாள் கணக்கெடுக்கும் பெண்.

"கொண்டா" என்றாள் வேரம்மா. கட்டி முடித்ததும் வெளிப்பக்கம் குந்தி, முதல் கன்றை வேரோடு பிடுங்கினாள்.