செம்மண் குவியலில் வெல்வெட் எறும்பு

காரிமங்கலத்துக்கு வெளியே நாங்கள் வீடு கட்டத் தொடங்கிய வருஷம், அஸ்திவாரம் நிரப்பக் கொட்டிய செம்மண் இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கணவரும் போய் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு வருவோம். வீடு என்று பார்க்க அது ஒன்றுதான் இருந்தது.

ஒருநாள் காலையில் அதன்மேல் ஒரு பூச்சி ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு உடம்பு, நடுவில் செங்கல் நிறம், பின்பக்கம் வெள்ளைப் புள்ளிகள். மேலெல்லாம் மெத்தென்று முடி. மழை விட்டதும் செக்கச்செவேலென்று தரையில் ஊர்ந்து வருமே பட்டுப்பூச்சி, அதன் சொந்தக்காரி என்று நினைத்துக் குனிந்தேன். பக்கத்து மனையில் செங்கல் சுமந்துகொண்டிருந்த பெண் சத்தம் போட்டாள்.

"அக்கா, அதத் தொடாதீங்க! கொட்டுச்சுன்னா உசுரு போயி உசுரு வரும்."

என் கணவர் சிரித்தார். அவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். கரண்டில் கை வைத்து வைத்து விரல்களுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது.

"ஒரு எறும்புக்கா இந்த அலம்பல்?" என்று இரண்டு விரலால் தூக்கிவிட்டார்.

பூச்சி கீச்கீச்சென்று கத்தியது. அவர் அதைக் காதருகே கொண்டுபோனார். "ஏ, பேசுது புள்ள இது" என்றவர், அடுத்த நொடி அதை உதறிவிட்டு, கையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குவியலைச் சுற்றி ஓடினார்.

"என்னங்க ஆச்சு?"

"த்ரீ பேஸ்! த்ரீ பேஸ் கரண்டு!"

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். முகம் வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தேன். இல்லை. விரலைக் கழுவி, டீக்கடையில் ஐஸ் வாங்கி வைத்து, பையிலிருந்த அலர்ஜி மாத்திரையைக் கொடுத்தேன். அதுவரை அடக்கிய சிரிப்பு அப்புறம் அடங்கவில்லை. அவர் கோபத்தில் பூச்சியைச் செருப்பால் மிதித்தார். அது மண்ணுக்குள் புதைந்து, மேலே வந்து, ஒன்றும் நடக்காததுபோல் நடந்தது. ஓடு அவ்வளவு கெட்டி.

சாயங்காலம் ஒற்றைக் கையால் போனில் தேடிப் படித்துக் காட்டினார். அதன் பெயர் வெல்வெட் எறும்பு. ஆனால் எறும்பே இல்லை, இறக்கை இல்லாத பெண் குளவி.

"கொடுக்கு பொம்பளைக்கு மட்டுந்தானாம். ஆம்பளைக்கு றெக்கை மட்டும்" என்று என்னைப் பார்த்தார். "எல்லா வூட்லயும் இதே கதைதான்."

மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு வளர்க்கும் தேனீக்களும் குளவிகளும் உண்டு. இவள் அந்த வளைக்குள் நுழைந்து, உள்ளே வளரும் குஞ்சின்மேல் முட்டையிடுவாள். பொரித்து வரும் புழு அந்தக் குஞ்சையே தின்று வளரும். எங்கள் குவியலில் அவள் தேடியது அதைத்தான்.

"அப்ப நம்ம மண்ணுல நமக்கு முன்னாடியே வேற யாரோ வூடு கட்டிட்டாங்களா?" என்றார் ஆதங்கமாக.

அடுத்த ஞாயிறு அவர் டீ வடிகட்டியோடு வந்தார். அரைமணி நேரம் காத்திருந்து அதைப் பூச்சியின்மேல் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் இறக்கை வைத்த கறுப்புக் குளவி ஒன்று தரையை ஒட்டி வளைந்து வளைந்து பறந்து வந்தது. வாசனை பிடித்து வந்திருக்க வேண்டும். வடிகட்டியின் மேல் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி நடந்தது.

"பொண்ணு பாக்க வந்திருக்கான்" என்றார் கணவர் கிசுகிசுப்பாக.

"தொறந்து விடுங்க, பாவம்."

ஒரு நீளக் குச்சியால் தள்ளி நின்று வடிகட்டியை நெம்பினார். ஆண் அவள்மேல் ஏறியது. சில நொடிகள்தான். பறந்து போய்விட்டது. அவள் உணர்கொம்புகளைத் துடைத்துக்கொண்டு ஒரு வளைக்குள் இறங்கினாள்.

"அவ்ளோதானா? பந்திகூடப் போடல" என்றார்.

புதன்கிழமை மேஸ்திரி ஆட்களோடு வந்து நின்றார். மண்ணை அள்ளச் சொல்வார் என்று நினைத்தேன். கணவர், "இந்தப் பக்கம் மட்டும் மாசக் கடைசி வரைக்கும் தொடாதீங்க" என்றார். மேஸ்திரி மண்ணையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள என்னங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"குடித்தனம் இருக்குதுங்க."

அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் அறைகளை நிரப்ப வேறொரு லோடு மண் அடித்து வேலையைத் தொடங்கினார். அந்த மாதம் ஞாயிறுதோறும் தக்காளி சாதம் கட்டிக்கொண்டு போனோம். பூச்சி வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராவிட்டாலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.