டேப்புக்குள் மூன்று இணைப்புகள்

மயிலம் பக்கத்து ஊரில் எங்கள் வீடு. அம்மா படுக்கும் அறையில், மின்விசிறிக்கான வயர்கள் சேரும் பெட்டியிலிருந்து ஒரு வாரமாகக் கருகல் வாடை வந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவை முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள். சுற்றியவர் சித்தப்பா, வயரிங் அவருடைய தொழில். இணைப்பில் கோளாறு என்று சொன்னால் அவர் மனம் புண்படும். சொல்லாவிட்டால் அம்மா அதன் கீழேயே படுப்பார். இரண்டையும் எடைபோட்டுவிட்டு, ஞாயிறு காலை திண்டிவனம் சென்று மூன்று புஷ் கனெக்டர்கள் வாங்கிவந்தேன். கண்ணாடிபோல உள்ளே தெரியும் சிறு பிளாஸ்டிக் கட்டை அது. தோலுரித்த கம்பியைத் துளையில் அழுத்தினால் உள்ளிருக்கும் தகடு கவ்விக்கொள்ளும்.

"புதுசா வந்திருக்கு சித்தப்பா, நீங்க பாத்து சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். அது முழுப் பொய் அல்ல.

மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினார். கருகிய முனைகளை வெட்டி, இரண்டு இணைப்புகளைச் சடுதியில் முடித்தார். இறங்கி, மூன்றாவதை என்னிடம் விட்டார். ஏறிச் செய்தேன். பிறகு அவர் மறுபடி ஏறி மூன்றின் மீதும் கறுப்பு டேப்பைச் சுற்றினார். கம்பி முழுதும் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஒளி ஊடுருவும்படி செய்யப்பட்ட கட்டை அது.

"டேப்பு வேணாம் சித்தப்பா. உள்ள தெரியணும்."

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? டேப்பு சுத்தாம நான் எந்த வூட்லயும் ஸ்டூல வுட்டு எறங்கனதில்ல பாப்பா. பாக்கறவன் அரைகொறை வேலைன்னுவான்."

"பெட்டியத் தொறந்து யாரு தம்பி பாக்கப் போறா?" என்றார் அம்மா. "ரெண்டு பல்லி கீது. அதுங்களும் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல."

சித்தப்பா டேப்பைப் பிரித்தார். அவர் செருகிய இரண்டிலும் செம்பு கடைசிவரை இறங்கியிருந்தது. என்னுடையதில் ஒரு கம்பி பாதியில் நின்றிருந்தது. தோலைக் குறைவாக உரித்திருந்தேன். விரலால் இழுத்தார். வந்துவிட்டது.

"இதத்தான் பாக்கணும்னியா?"

"ஆமா" என்றேன். கொள்கை அளவில் நான் சொன்னது சரியாகவே இருந்தது.

அவர் இறங்கியதும் நான் ஏறி, மறுபடி உரித்து, கட்டையின் உள்முனையில் முட்டும்வரை செருகினேன். சித்தப்பா மெயின் பக்கம் போனார்.

"இருங்க தம்பி. படுக்கறவ நானு."

அம்மா புடவையைச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தார். என்னுடைய இணைப்பை மட்டும் இரண்டு முறை. பிறகு இறங்கி, அவரே மெயினைப் போட்டார்.