நாலு எட்டில் திரும்பும் கரடி

கப்பலில் சமையல் உதவியாளாக இருந்த கண்ணாயிரத்துக்குக் குளிரைவிடப் பெரிய தொல்லை சட்டைப் பையில் இருந்த கடிதம்தான். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் உள்ள காலனியிலிருந்து கிளம்பி, எங்கெங்கோ சுற்றி, ஜெர்மனித் துறைமுகத்தில் வந்து அவனைப் பிடித்திருந்தது. 1987 டிசம்பர். மறுநாள் விடியலில் கப்பல் புறப்பட்டுவிடும். அதற்குள் பதில் போட்டாக வேண்டும்.

மனைவி செல்லியம்மாளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல எழுதியவள் ஏழாவது படிக்கும் மகள் நிர்மலா.

"இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துல ரோடெல்லாம் மரத்த வெட்டிப் போட்டாங்க. இப்ப பஸ்ஸு ஓடுது, ஆனா பயம் போவல. சங்கராபுரத்துக்குப் புள்ளைய தனியா அனுப்ப மனசு வரல. ஸ்கூல நிறுத்திட்டு என்கூட களை எடுக்க இட்டுக்கினு போவட்டுமா? டீச்சரு கள்ளக்குறிச்சி ஆஸ்டல்ல சேக்கச் சொல்றாங்க. பொட்டப்புள்ளைய வெளிய தங்க வெச்சா ஊரு இன்னா பேசும்? நீங்க சொல்றதுதான்."

தன் படிப்பை நிறுத்தட்டுமா என்று அந்தப் பிள்ளை தன் கையாலேயே, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் எழுதியிருந்தாள். சொந்தமாக ஒரு வரி சேர்க்கவில்லை. அதுதான் கண்ணாயிரத்தின் மனசை அறுத்தது.

கூட்டாளிகள் குடிக்கப் போக, இவன் மிருகக்காட்சி சாலைக்குப் போனான். புலி பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. மாலுமிகள் சங்கத்தில் இலவசச் சீட்டு கொடுத்தார்கள். உட்கார்ந்து எழுத அங்கே பெஞ்சு இருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

பாதையைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் பனி. எதிரே யாராவது வந்தால் கண்ணாயிரம் தோளில் கிடந்த கம்பளித் துண்டை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கி நின்றான். ஊர்த்தெருவில் காலனி ஆட்கள் அப்படித்தான் ஒதுங்க வேண்டும். ஐந்து வயதில் பழகியது. ஏறி இறங்கி ஏறி இறங்கி, பூட்ஸுக்குள் தண்ணீர் போய்க் கால் மரத்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரம்மா, இவன் எதையோ தொலைத்துவிட்டான் என்று நினைத்து, கூடவே குனிந்து பனியில் தேடினாள்.

கரடி இருந்த இடத்துக்கு வந்தவன் அசந்து நின்றான். கறுப்புச் சடை, நெஞ்சில் வெள்ளைப் பட்டை. கல்வராயன் மலைக் கரடி! பலகையில் இந்தியா படம்கூடப் போட்டிருந்தது. கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில், புற்றைத் தோண்டிக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்துவிட்டு அவன் ஓடிய ஓட்டம் லேசில் மறக்கக்கூடியதா?

"நீ எப்படிய்யா இங்க வந்து மாட்டின?" என்று வாய்விட்டே கேட்டான். ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி கண் கலங்கியது.

கரடி அவனைச் சட்டை பண்ணவில்லை. நாலு எட்டு நடந்தது, திரும்பியது. மறுபடி நாலு எட்டு. அதற்கு விட்டிருந்த இடமோ பெரிய நெற்களம் அளவு. பாறை, குட்டை, மரம் எல்லாம் இருந்தன. அப்பால் கால் படாத பனி அப்படியே கிடந்தது.

தீனி வாளியோடு வந்த காவலாளி இவன் முழிப்பதைப் பார்த்தான். பூட்ஸ் காலால் பனியில் ஒரு கட்டம் கீறி, அதற்குள் நாலு எட்டு நடந்து காட்டினான்.

"பழைய கூண்டு," என்றான் அரைகுறை இங்கிலீஷில். "இது புதுசு. வந்து மூணு வருஷம் ஆச்சு." கையை விரித்தான்.

கண்ணாயிரத்துக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே துண்டு கக்கத்துக்கு வந்திருந்தது; அவன் பனிக்குள் நின்றிருந்தான். யாரும் அதட்டவில்லை, யாரும் சொல்லவில்லை. கடல் தாண்டி வந்து பதினொரு வருஷம். வெட்கமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது, ஊர்மேல் பாதி, தன்மேல் பாதி.

பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவை வாயால் ஊதிச் சூடாக்கி எழுதினான். இதையும் செல்லியம்மாளுக்கு நிர்மலாதான் படித்துக் காட்டுவாள் என்பது நினைப்பில் இருந்தது.

"புள்ளைய ஆஸ்டல்ல சேத்துடு. ஊரு பேசினா பேசட்டும். நீ தனியா கஷ்டப்படுவ, எனக்குத் தெரியும். சித்திரையில வந்துடறேன். களை எடுக்க மட்டும் இட்டுக்கினு போவாத. அங்க ஒதுங்கி நின்னு பழகினது எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வருது."

கீழே கொஞ்சம் இடம் இருந்தது. யோசித்து, அதில் பொடி எழுத்தில் எழுதினான்.

"நிர்மலா, இது அம்மாவுக்கு இல்ல, உனக்கு. அடுத்த கடுதாசியில நீயா ரெண்டு வரி எழுதும்மா."